சுரங்கம் தாண்டி ஒரு வளைவு

ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் ஆனது. யார் யாருடையது என்று மட்டும் வெளியே சொல்ல மாட்டாள். கூட்டத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் அவள் கண் முதலில் பல்வரிசைக்குத்தான் போகும். தன் வேலையாக இருந்தால் ஈறின் நிறம் ஒத்துப்போகிறதா என்று ஒரு நொடி பார்ப்பாள்; பிறகு ஒன்றும் அறியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பிளாஸ்டரில் வாயை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, பல்செட்டாகச் செய்து கொடுக்கும் பட்டறை அவளுடையது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெரு முழுக்க அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

தொழிலில் அவளுக்கு ஒரே சூத்திரம்: கூட்டு, குறை. பள்ளமாக இருந்தால் மெழுகு வை. மேடாக இருந்தால் தேய். "பொருந்தாத வாய்னு ஒண்ணு கிடையாதுங்க, பொறுமை இல்லாத கைதான் உண்டு" என்று மருத்துவர்களிடமே சொல்லுவாள். வீட்டு விஷயங்களிலும் அவளுக்கு இதே சூத்திரம்தான். அதிலும் தம்பி விஷயத்தில்.

அம்மா போனபோது தம்பிக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அவளுக்கே பாவாடை தரையில் புரளும் வயது. அன்றிலிருந்து அவனுக்காகப் பேசுவது அவள் வேலையாயிற்று. கணக்கு வாத்தியார் அவனைக் கேட்டால் இவள் வகுப்பு வாசலில் நின்று பதில் சொல்லுவாள். பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தால், "பந்து நான்தான் போட்டேன்" என்று இவள் முன்னால் போய் நிற்பாள். கேள்வி அவனுக்கு வரும், பதில் அவளிடமிருந்து போகும். அவன் பின்னால் நின்று அவள் சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை ஒரு ரயிலுக்கே கண்ணாக இருப்பது.

அது பழைய மலை ரயில் பாதை. யாரோ எந்தக் காலத்திலோ பாறையைக் குடைந்து போட்டது. ஏற்றம் அதிகம் என்பதால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பல் தண்டவாளம் ஓடும். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். ஆகவே முன்னால் என்ன இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார், கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். அடுத்த பெட்டிக்காரர் எட்டிப் பார்த்து அதை வாங்கித் தானும் காட்டுவார். அப்படியே கைமாறி ஓட்டுநருக்குப் போகும். தம்பி, முதல் பெட்டி.

இரண்டாவது பெட்டியில் ஒரு பெரியவர். பிளாஸ்க் அண்ணன் என்றால்தான் தெரியும். குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வருவார். அவர் ஊற்றும் டீயைக் குடிக்காமல் அந்தப் பாதையில் யாரும் மலையேறியதில்லை.

ஒரு மழைக்கால முற்பகலில், சுரங்கம் தாண்டியதும் வரும் வளைவில் ஒரு பாறை உருண்டு பாதையில் கிடந்தது. ரயில் அதில் முட்டியது. மலை ரயிலின் வேகம் என்ன பெரிய வேகம்? பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் தம்பியின் கொடியைப் பார்க்க மேடையிலிருந்து எட்டிச் சாய்ந்திருந்த பிளாஸ்க் அண்ணன், முட்டிய குலுக்கலில் பிடி நழுவிப் பள்ளத்தில் விழுந்தார். தூக்கி வரும்போது உயிர் இல்லை.

விசாரணை நடந்தது. அதிகாரிகள் அந்த இடத்துக்கே போய்த் தண்டவாளத்தில் நின்று பார்த்தார்கள். குன்றின் மூக்கு ஒன்று வளைவை மறைக்கிறது, போதாததற்குப் பனிமூட்டம், முதல் பெட்டிக்காரனுக்குப் பாறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார்கள். யார் மேலும் தப்பில்லை. வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். அவன் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். சில வருடங்களில் பெரிய மண்சரிவு வந்து அந்தப் பாதையும் மூடப்பட்டது.

வந்த நாளிலிருந்து அவன் அவளுடைய பட்டறையில் பிளாஸ்டர் குழைத்தான், அச்சுகளைச் சீவினான். செய்வது திருத்தமாக இருக்கும். பேச்சு மட்டும் வாயிலிருந்து விழாது. சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்து போவான்.

"உன் மேல தப்பில்லடா. அவங்களே சொல்லிட்டாங்க இல்ல?" என்பாள் அவள்.

"ம்" என்பான்.

அந்த 'ம்' அவளைத் தின்றது. பொருந்தாத வாய் ஒன்று தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும். தன் மேல் தப்பில்லை என்று அவன் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தைச் சரி செய்துகொள்ளலாம். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

யோசனை வந்தது அவளுடைய கணவரால். அவர் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். நாள் முழுக்க மைக்கில் பேசிப் பேசி வீட்டிலும் அதே குரல். "பாத்ரூமுக்குள் சென்றிருக்கும் மாப்பிள்ளை அவர்கள் உடனடியாக வெளியேறவும், அடுத்த வண்டி காத்திருக்கிறது" என்பார். ஒருநாள் அவர் சொன்னார்: "வாயால சொல்லிச் சொல்லி உன் தம்பிக்குக் காது புளிச்சுப் போச்சு. நீதான் எதையும் அச்சு வார்த்துக் காட்டறவளாச்சே, அந்த வளைவை வார்த்துக் காட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் பின்னறையில் இரண்டு ஸ்டூல்களின் மேல் ஒரு பழைய கதவு படுத்திருந்தது. கதவின் மேல் கம்பி வலை, வலையின் மேல் பிளாஸ்டரில் தோய்த்த துணி. "டாக்டரம்மா கேட்டாங்க, கிளினிக்ல குழந்தைங்க அழாம இருக்க ஒரு மலை ரயில் பொம்மை வேணுமாம்" என்று தம்பியிடம் புளுகினாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடையில் வாங்கிய பொம்மைத் தண்டவாளத்தை அவள் மலைமேல் ஒட்டத் தொடங்கியபோதுதான், பிளாஸ்டர் வெள்ளை அப்பிய கைகளோடு வாசற்படியில் வந்து நின்றான்.

"இது ஏறாது."

"ஏன் ஏறாது?"

"பல்லு இல்ல."

"இவ்வளவுதானா மாப்ளே?" என்றார் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "உங்க அக்கா ஒரு செட் கட்டிக் குடுத்துடுவா. கீழ்ப்பல்லு மட்டும் போதுமா, மேல்பல்லும் வேணுமா?"

அவன் சிரித்தான். மூக்கால் வந்த சின்னச் சிரிப்புதான். ஆனாலும் அவள் சட்டென்று குனிந்து எதையோ தேடுவதுபோல் மேசைக்கடியில் போய்க்கொண்டாள். கண்ணைத் துடைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

பல் தண்டவாளத்தை இருவருமாகச் செய்தார்கள். மெழுகில் பல் பல்லாகச் செதுக்கி, செட்டின் கம்பிகளை வார்க்கும் உலோகத்திலேயே வார்த்தார்கள். பழைய தேய்ப்பு மோட்டார் ஒன்று எஞ்சினுக்குள் போயிற்று. மலைக்குப் பூசப் பிளாஸ்டர் போதாமல் போனபோது அவள் ஈறு செய்யும் இளஞ்சிவப்பு மாவை எடுத்து அப்பினாள். "என்னம்மா இது, மலைக்கு ஈறு வீங்கிக் கிடக்கு?" என்று கணவர் அலற, தம்பி பச்சைப் பெயின்ட் டப்பாவைத் தேடி ஓடினான்.

அவன் பேசத் தொடங்கினான். தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம். அதன் கால் ஒன்று குட்டை, கீழே கல் வைத்திருக்கும். இந்த மரத்தில் இடி விழுந்தது, இதற்கு ஒரு பக்கம்தான் இலை. இந்தப் பாலத்தில் எஞ்சின் வரும்போது சத்தம் மாறும், கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். பேசிக்கொண்டே சாப்பிட்டான். பேச்சு சுவாரஸ்யத்தில் இரண்டாவது தடவை தட்டை நீட்டினான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலக் குழம்பை நகர்த்தினாள். அந்த மாதங்கள் அவள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். அதை அப்போதே அவள் உணர்ந்திருந்தாள்; உணர்ந்து பயந்தாள்.

பெட்டிகளை அவன் தனியாகச் செய்தான். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். முதல் பெட்டியின் மேடையில் மெழுகால் ஓர் ஆளைச் செய்து வைத்தான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவன். நேராக நிற்கவில்லை. ஒரு கால் படியில், ஒரு கை கம்பியில், உடம்பு முழுக்கப் பள்ளத்துப் பக்கம் வெளியே சாய்ந்திருந்தது.

"விழுந்துடுவான் போல இருக்கேடா. நடுவுல நிக்க வையேன்" என்றாள்.

"நடுவுல நின்னா அவன் பயணி, அக்கா. பிரேக்ஸ்மேன் இப்படித்தான் நிப்பான். பள்ளத்துப் பக்கம் சாஞ்சாத்தான் பாதை தெரியும்."

"சரி, ரெண்டாவது பெட்டிக்கு ஆள் போடலையா மாப்ளே?" என்று கேட்டார் கணவர். கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"அப்புறம் போடலாம் மாமா" என்றான். போடவில்லை.

சுரங்கம் வரை மலை வளர்ந்தது. சுரங்கத்தின் கல் வளைவை ஒவ்வொரு கல்லாகக் கீறினான். கீறி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு அப்புறம் நீ பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டான்.

அவளும் கணவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மலைக்குப் போனார்கள். ரயில் ஓடாத பாதையில் புல் முளைத்திருந்தது. பல் தண்டவாளம் துருவேறி, காவி பிடித்த பல் மாதிரி கிடந்தது. கணவர் வழி நெடுக, "பயணிகளின் கவனத்துக்கு, உங்கள் வண்டி பல வருடங்கள் தாமதமாக வரும்" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் பள்ளத்தைப் பார்த்தார். அதோடு மைக் நின்றுபோயிற்று.

அவள் தண்டவாளத்தின் நடுவே நின்று மேலே பார்த்தாள். இடது பக்கம் குன்று ஒரு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் பாதை திரும்பி மறைந்தது. பாறை கிடந்த இடத்துக்குக் கணவரை அனுப்பி, குடையை விரித்து நிற்கச் சொன்னாள். குடையும் தெரியவில்லை, ஆளும் தெரியவில்லை.

"தெரியலைங்க!" என்று கத்தினாள். "சுத்தமாத் தெரியலைங்க!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது. அவளுக்குச் சிரிப்பாக வந்தது. டேப்பை நீட்டி மூக்கின் அகலம், உயரம், தண்டவாளத்திலிருந்து தூரம் எல்லாவற்றையும் அளந்தாள். வாய்க்கு அளவெடுப்பதுபோல, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல். திரும்பும் வழியெல்லாம் அவள்தான் பேசினாள். கணவர் பேருந்தின் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்து வந்தார்.

அளந்தபடியே வார்த்தாள். மூக்கு வந்தது, வளைவு வந்தது, பள்ளம் வந்தது. பாறை கிடந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கல்லை வைத்தாள். தம்பி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ரயிலைச் சுரங்க வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவனைக் கூப்பிடுமுன் தானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அவள் பட்டறையிலிருந்து எதுவும் பொருத்தம் பார்க்காமல் வெளியே போனதில்லை.

பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும், நீளக் காம்பு வைத்த சிறிய வட்டக் கண்ணாடி ஒன்று அவளிடம் இருந்தது. அதை மெழுகு ஆளின் தலைக்குப் பக்கத்தில், அவன் பார்க்கும் திசைக்குச் சாய்த்துப் பிடித்தாள். குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தாள்.

கல் தெரிந்தது.

கையை அசைத்துவிட்டோமோ என்று மறுபடி பிடித்தாள். தெரிந்தது. பெட்டியை நகர்த்தி வைத்துப் பார்த்தாள். தெரிந்தது. கண்ணாடியைத் தண்டவாளத்தின் நடுவுக்குக் கொண்டுபோனாள்; கல் மறைந்தது. பள்ளத்துப் பக்கம், அவன் சாய்ந்து நின்ற இடத்துக்குக் கொண்டுவந்தாள். மூக்கைத் தாண்டிப் பாதை முழுசாக விரிந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்த கணத்திலிருந்து கடைசி வரை கல் கண்ணெதிரே கிடந்தது. அதிகாரிகள் நடுவில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவளும் நடுவில்தான் நின்று பார்த்தாள். அங்கே நடுவில் நிற்காதவன் அவன் ஒருவன்தான்.

வெளியே தம்பியின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் மலைமேல் ஒரு துணியை இழுத்து மூடினாள்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"இன்னும் காயலடா."

பனிமூட்டம் இருந்ததே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பனியை எதில் வார்ப்பது? மறுநாள் அவன் முன்னறையில் வேலையில் இருந்தபோது, ஒரு கிண்ணத்தில் பிளாஸ்டரைக் குழைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். பொருந்தாவிட்டால் கூட்டு. குன்றின் மூக்கில் கொஞ்சம் வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள், இன்னும் ஓரம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வைத்தாள். மூன்றாவது தடவையில் கல் மறைந்தது. ஈரக் கையால் தடவி, பழைய மலையும் புதிய மலையும் சேரும் இடம் தெரியாமல் வழித்தாள். அதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பச்சை அடித்தாள். கிண்ணத்தை ஒருமுறைக்கு இருமுறை கழுவினாள்.

வர வேண்டிய நாளும் வந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். பகல் வெளிச்சம் பின்னறை ஜன்னல் வழியே மலைமேல் விழுந்தது.

"இங்க வாடா. இந்தக் கண்ணாடியில பாரு" என்றாள். "நீ நிக்கிற இடத்துலேருந்தே பாரு. தெரியுதா?"

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"தெரியல" என்றான்.

"பாத்தியா! நான் எத்தனை தடவை சொன்னேன்? இப்பவாவது சொல்லு, உன் மேல தப்பில்லைன்னு. உன் வாயால சொல்லுடா."

அவன் சுவிட்சைப் போட்டான். எஞ்சின் பல்லைக் கவ்விக்கொண்டு, கடகடவென்று பெட்டிகளைத் தள்ளியது. தண்ணீர்த் தொட்டியைக் கடந்தது. பாலத்தில் சத்தம் மாறியது. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. வளைவுக்குள் போய், குன்றின் மூக்கில் இடித்து நின்றது. எஞ்சின் மட்டும் நின்ற இடத்திலேயே பல்லை நறநறத்தது.

ஆளின் பார்வைக்கும் கல்லுக்கும் இடையில் மலை நிற்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தவள், பெட்டி போவதற்கு இடம் விட மறந்திருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக, பொருத்தம் பார்க்காமல் ஒன்றை வெளியே விட்டிருந்தாள்.

தம்பி சுவிட்சை அணைத்தான். முன்னறைக்குப் போனான். கடிபார்க்கும் நீலத் தாளோடு வந்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே அதிகமாகத் தட்டுகிறது என்று பார்க்கப் பட்டறையில் வைத்திருக்கும் தாள் அது. தட்டும் இடத்தில் நீலம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பெட்டிக்கும் மலைக்கும் நடுவே செருகி, பெட்டியை ஒருமுறை கையால் தள்ளினான். எடுத்தான். பச்சை மலையின் மூக்கில் ஒரு நீலப் பொட்டு.

"இங்க மேடு தட்டுதுக்கா" என்றான். பட்டறையில் தினமும் சொல்லும் அதே குரலில்.

அவன் மெழுகுக் கத்தியை எடுத்து மூக்கைச் சுரண்டினான். அவசரமில்லாமல் சுரண்டினான். வழித்துச் சேர்த்த இடம் எங்கே தொடங்குகிறது என்று கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துக்கொண்டே போனான். அவள் கூட்டியது அத்தனையும் பொடியாக உதிர்ந்து கதவின் மேல் விழுந்தது. கூட்டாததில் ஒரு துளிகூட அவன் கத்தி படவில்லை.

"தெரிஞ்சுதுக்கா" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அப்போது பனி இல்லையா, மழை இல்லையா, நீ சின்னப்பையன் இல்லையா என்று எத்தனையோ பதில் அந்த வாயில் தயாராக இருந்தது. வழக்கம்போல அவனுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளலாம். அவன் கத்தி ஓயாமல் சுரண்டுவதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சுரங்கத்தை விட்டு வந்ததுமே தெரிஞ்சுது. பாறை மாதிரி இல்ல. யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. பாதையில வேலை பாக்கிறவங்க மழைக்குச் சாக்கை மடிச்சுத் தலையில போட்டுக்கிட்டு அப்படித்தான் குந்தியிருப்பாங்க. ரயில் பக்கத்துல வந்ததும் எந்திரிச்சு ஓரமாப் போவாங்க. முன்ன ஒரு தடவை அப்படி ஒருத்தருக்கு நான் சிவப்பு காட்டிட்டேன். ரயிலையே நிறுத்திட்டாங்க. அவரு பாட்டுக்கு எந்திரிச்சு, சலாம் போட்டுட்டுப் போனாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பிளாஸ்க் அண்ணன் ரொம்ப நாளைக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. 'ஒண்ணுக்குப் போறவனுக்கெல்லாம் ரயிலை நிறுத்தினா நாம எப்படா ஊரு போய்ச் சேர்றது'ன்னு."

கத்தியில் ஒட்டிய பொடியை ஊதினான்.

"எந்திரிச்சுடுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அவரு எந்திரிக்கவே இல்லக்கா."

"இதை நீ அவங்ககிட்ட..."

"சொன்னேன். அந்த அதிகாரி ரொம்ப நல்லவரு. தோள்ல கையைப் போட்டு, 'பயத்துல உனக்கு அப்படித் தோணுதுப்பா, நாங்க நின்னு பாத்தோம், தெரிய வாய்ப்பே இல்ல'ன்னாரு. அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவரு சம்சாரம், அந்த அக்காவும் அழுதுகிட்டே, 'நீ என்னப்பா பண்ணுவே, பனி'ன்னாங்க. இங்க வந்தேன். பெட்டியைக் கீழ வைக்கிறதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்டே." அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான்: "எல்லாரும் நல்லவங்கதான். நான் சொல்றதை யாருமே வாங்கிக்கல."

கொடியைக் கைமாற்றி வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் முதல் பெட்டியிலேயே இவன் இத்தனை காலமும் நின்றிருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் தன் பின்னால் நின்றால் போதும் என்று நினைத்து அவள் எப்போதும் முன்னால் போய் நின்றாள். இந்த விஷயத்தில் அவனுக்குப் பின்னால் அல்லவா ஓர் ஆள் நின்றிருக்க வேண்டும்.

சட்டைப்பையைத் துழாவி ஒரு துண்டு மெழுகை எடுத்தான். விளக்கில் காட்டி இளக்கினான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் விரல்களுக்குள் ஓர் ஆள் உருவானார். கொஞ்சம் குண்டு. கொஞ்சம் கூன். இடுப்பில் ஏதோ ஒரு புடைப்பு, பிளாஸ்க் போலிருந்தது. முகத்தை மட்டும் கீறவில்லை. இரண்டாவது பெட்டியின் மேடையில், கொடியைப் பார்க்க எட்டிச் சாய்ந்தவராக அவரை வைத்தான். சூடு காட்டி ஒட்டவில்லை, சும்மா அழுத்தி மட்டும் வைத்தான்.

"கண்ணாடியைப் பிடி, அக்கா" என்றான். "நான் ஓட்டறேன். அவன் தலைகிட்டயே பிடிச்சுக்கிட்டு வா. எங்க சிவப்பு காட்டணும்னு தோணுதோ அங்க நிறுத்தச் சொல்லு."

பிடித்தாள். ரயில் நகர்ந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர்த் தொட்டி வந்து போயிற்று. பாலம் வந்தது. சுரங்கம் வந்து எல்லாம் இருண்டது. வெளிச்சம் வந்தது. வந்ததும் கல் தெரிந்தது.

வட்டக் கண்ணாடியில், சின்னதாக, சாம்பலாக, அது ஒரு கல்லாக இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, எதையோ தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளாகவே இருந்தது. அந்தக் கல்லை வாசலிலிருந்து பொறுக்கிக் கழுவி வைத்தவளே அவள்தான். அது கல் என்று அவளுக்குத் தெரியும். அப்படியும், 'இதோ எழுந்துவிடும்' என்று உள்ளே ஒன்று சொல்லியது. ரயில் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். சொல்லலாம். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம்.

முட்டியது.

பெரிய சத்தமில்லை. ஒரு டம்ளரைக் கீழே வைத்த சத்தம்தான். முதல் பெட்டியின் ஆள் அப்படியே நின்றான். இரண்டாவது பெட்டியில் இருந்தவர் மேடையிலிருந்து கழன்று, பள்ளத்தில் உருண்டு, கதவின் விளிம்பில் பச்சைத் துணி மடிப்பில் போய்த் தங்கினார்.

தம்பி சுவிட்சை அணைத்தான். அவள் கண்ணாடியை இறக்கவில்லை.

"நான் சொல்லல" என்றாள். கண்ணாடியைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரிஞ்சுது. நான் சொல்லலடா" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஆறுதலாக எதுவும் அவளிடம் சொல்லவில்லை. பள்ளத்துக்குள் கைவிட்டு அந்த மெழுகு ஆளை எடுத்து, ஒட்டியிருந்த பொடியைத் தட்டி, அக்காவின் உள்ளங்கையில் வைத்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். மெழுகு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்து, "பயணிகளின் கவனத்துக்கு" என்று தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினார். எதுவும் கேட்காமல் போய் டீ போட்டார். மூன்று டம்ளர்களில் கொண்டுவந்து, மலைக்குப் பக்கத்தில், கதவின் ஓரத்திலேயே வைத்தார்.

தம்பி ஒரு டம்ளரை எடுத்து இரண்டாவது பெட்டிக்கு அருகே நகர்த்தி வைத்தான். அது ஆறும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

உன் மேல் தப்பில்லை என்று அதற்குப் பிறகு அவள் அவனிடம் சொன்னதேயில்லை.